பூனைக்குத் துக்கம் சொல்லப் போனவர்

“தாயே, நாச்சியை நான்தான் கொன்னேனா?”

பொன்னம்பலம் இதைக் கேட்டபோது உமையாள் அம்மை கிணற்றடியில் பூசைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தூபக்காலில் ஏறிய கரி லேசில் போகிற கரி இல்லை.

“இன்னும் கொஞ்சம் புளி எடுங்க ஐயா,” என்றார் அம்மை.

பொன்னம்பலம் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

வேலந்துறை மடம் கடலை ஒட்டிய சின்னச் சைவ மடம். பெரிய சொத்தும் கிடையாது, பெரிய பேரும் கிடையாது. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு பொன்னம்பலம் இங்கே சீடராக வந்தார். குருவான உமையாள் அம்மை அவருடைய கடைசித் தங்கையைவிட இளையவர். தலை நரைத்த மனிதர் தலை நரைக்காத பெண்ணைத் ‘தாயே’ என்று கூப்பிடுவதில் ஊருக்குக் கொஞ்சம் சிரிப்புண்டு. அவருக்கு அதில் சங்கடம் ஏதும் இல்லை.

நாச்சி மடத்துப் பூனை. எங்கிருந்தோ குட்டியாக வந்து, எல்லாரையும் விட்டுவிட்டுப் பொன்னம்பலத்தின் மடியைப் பிடித்துக்கொண்டது. சாம்பல் நிறம். மதியம் அடியார்களுக்கு இலை போட்டால் வரிசையின் கடைசியில் நாச்சிக்கும் ஒரு கிழிந்த இலை உண்டு. அதில் தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து வைப்பது பொன்னம்பலத்தின் வேலை. சாப்பிடுவதற்கு முன்னால் அதன் நெற்றியில் திருநீறு பூசுவார். அது ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சாப்பிடும்.

ஊரில் சைவப் பூனை என்றால் வேஷக்காரன் என்று அர்த்தம். இங்கே நிஜமாகவே ஒன்று இருக்கிறது என்று சேதி பரவிவிட்டது. மடத்துக்கு வருகிறவர்கள் சந்நிதியைப் பார்த்த கையோடு நாச்சியையும் தேடுவார்கள்.

“மீன் வாடை வீசுற ஊருல இருந்துக்கிட்டு தயிர் சாதம் மட்டுமா?” என்று கேட்பார்கள்.

“போன பிறவியில யாரோ அடியார்,” என்பார் பொன்னம்பலம். சொல்லும்போது குரலில் பெருமை வழியும். பற்று அறுக்க வந்த மனிதருக்கு அந்த ஒரு பெருமையை மட்டும் அறுக்க மனம் வரவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது நாச்சி மூச்சு வாங்க ஆரம்பித்தது. படியில் ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடும். ஒரு நாள் இலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பொன்னம்பலம் அதைக் காய்கறிக் கூடையில் வைத்து, மேலே தம் துண்டைப் போர்த்தி, பஸ் ஏறி டவுன் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனார்.

டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். படம் எடுத்துப் பார்த்தார்.

“இருதயம் வீங்கியிருக்கு. நெஞ்சுல நீர் கோத்திருக்கு. என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க?”

“தயிர் சாதம். சில நாள் பருப்பு. பிரசாதம்.”

“மீன், கறி?”

“மடத்துப் பூனைங்க. தொடாது.”

டாக்டர் குழலைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஐயா, பூனைக்கு மாமிசம் இல்லாட்டி இருதயம் கெட்டுப்போறது உண்டு.”

“அதனாலதானா இது?”

“அதனாலயும் இருக்கலாம். சிலதுக்குப் பிறவியிலேயே இருக்கும். உறுதியா சொல்ல முடியாது.”

இந்த ஒரு வாக்கியம்தான் பொன்னம்பலத்தைப் பிடித்துக்கொண்டது. ‘ஆமாம்’ என்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ‘இல்லை’ என்றிருந்தால் திருநீற்றைப் பூசிக்கொண்டு தேறியிருப்பார். டாக்டர் இரண்டையும் சேர்த்துக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில் அவர் செய்த காரியத்தை மடத்தில் யாரும் நம்பமாட்டார்கள். மீன் மார்க்கெட்டில் இறங்கினார். ருத்திராட்சத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். ஒரு மீனைக் காட்டி, பெயர் தெரியாமல், “அது,” என்றார். மடத்துக் கொல்லையில் மூன்று கல் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவித்தார். முள்ளை எடுத்து, ஆறவைத்து, நாச்சியின் வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

நாச்சி மோந்து பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்கு அப்போது தண்ணீர்கூட இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலைப் பூசை மணி அடிக்கும்போது, அவர் மடியில் உயிர் போயிற்று. பொன்னம்பலம் அழவில்லை. கண் எரிந்ததே தவிர ஒரு சொட்டு வரவில்லை.

வில்வத்தடியில் குழி வெட்டினார்கள். கொல்லையில் மீன் அவிந்ததைப் பார்த்துவிட்டிருந்த மடைப்பள்ளிச் சமையல்காரர் தியாகேசன் நல்ல மனிதர். நல்லதைச் சொல்வதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

“கடைசி நேரத்துல மீனைக் காட்டினீங்களே ஐயா. அப்பவும் முகத்தைத் திருப்பிட்டா பாருங்க. என்ன வைராக்கியம்!”

பொன்னம்பலத்துக்குக் குழியில் தாமும் இறங்கிவிடலாம் போலிருந்தது.

அதன் பிறகு மனிதர் ஓரிடத்தில் நிற்கவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி மடத்தைச் சுற்றினார் என்று சொல்ல வாய் வருகிறது. இந்த நேரத்தில் அந்தப் பேச்சு வேண்டாம். இலையில் உட்கார்ந்தால் தயிர் சாதத்தைப் பார்க்க முடியவில்லை. திருநீற்றுக் கிண்ணத்தில் விரல் வைத்தால் அந்தத் தும்மல் காதில் கேட்டது. நல்லது என்று நினைத்துச் செய்தது ஒரு உயிரை வாங்கியிருந்தால், இத்தனை வருஷம் நல்லது என்று செய்த மற்றதெல்லாம் என்ன? யோசிக்க யோசிக்கக் குழம்பியது.

இரண்டாவது தடவை கேட்டபோது உமையாள் அம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“தாயே, ஆமாம்னு சொல்லுங்க. இல்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க.”

“எது வேணும் உங்களுக்கு?”

பொன்னம்பலம் வாயைத் திறந்தார். எது வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை. மூடிக்கொண்டார்.

“பரிகாரம் ஏதாவது சொல்லுங்க. தயிரை விட்டுடறேன். ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுடறேன்.”

“அதுல யாருக்குப் பசி ஆறும்?”

“எனக்கு ஒண்ணுமே புரியலை தாயே.”

“தெரியுது,” என்றார் அம்மை. அரிசியைப் புடைக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை பொன்னம்பலம் தம் துணிகளைப் பையில் வைத்தார். தஞ்சாவூரில் மகன் வீடு இருக்கிறது. சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புவதாக முடிவு. போக வேண்டும் என்றும் இல்லை, இருக்க முடியும் என்றும் இல்லை. இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை. அம்மையிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார்.

“தாயே, நான் மடத்துக்கு லாயக்கில்லை. உத்தரவு கொடுங்க.”

“சரி.”

இவ்வளவு சீக்கிரம் உத்தரவு கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

“பஸ் எப்ப?”

“ஆறு மணிக்கு.”

“நேரம் இருக்கே. ஒரு வேலை பாக்கி இருக்கு ஐயா. நாச்சி செத்தது ஊருக்குத் தெரியாது. யாரும் துக்கம் சொல்லப் போகலை.”

“பூனைக்கா?”

“செத்தா சொல்லி அனுப்பறது நம்ம வழக்கம்தானே. உறவுக்காரங்க எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாங்க.”

“அவளுக்கு யாரு தாயே உறவு? நம்மதான்.”

“உச்சிக்காலப் பூசை முடிஞ்சா பின்சுவர் ஏறிக் குதிச்சுப் போவாளே. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தானே வருவா. எங்க போனா?”

“கடற்கரைக்கு. மணல்ல கண்ணை மூடி உட்கார்ந்திருப்பா. ஒரு தடவை நானே பார்த்தேன். வர்றவங்ககிட்ட நாச்சி தவத்துக்குப் போயிருக்கான்னு சொல்லுவேன்.”

“பக்கத்துல என்ன இருந்துச்சு?”

“படகு. வலை.”

பொன்னம்பலம் பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக நடந்தார்.

மடத்தின் பின்பக்கம் மீனவர் தெரு. இத்தனை வருஷத்தில் அவர் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. முதல் வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த மனிதரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மடத்துல ஒரு பூனை இருந்துச்சு. சாம்பல் நிறம். அது செத்துப்போச்சு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சாமியாருக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

“சாம்பல் பூனையா? லூர்துமேரி வீட்டுல போய்க் கேளுங்க. கோயில் பக்கம், கடைசி வீடு.”

கடைசி வீட்டு வாசலில் பாய் விரித்துக் கருவாடு காய்ந்தது. பொன்னம்பலம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார். பாய்க்குப் பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி காக்கை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமியாரைக் கண்டதும் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“வாங்க சாமி. மடத்துக்காரங்க இந்தப் பக்கம் வரமாட்டீங்களே. என்ன விசயம்?”

“சாம்பல் நிறத்துல ஒரு பூனை இங்க வருமாம்மா?”

“எஞ் சீலாவா?” அவள் முகம் மலர்ந்தது. “அவளைப் பார்த்தீங்களா சாமி? ரெண்டு வாரமா ஆளையே காணலை. தெனம் மத்தியானம் வந்துருவா. சீலா மீனுன்னா உசுரை விடுவா, அதான் அந்தப் பேரு வச்சேன். எம் மவன் கடலுக்குப் போயி வந்தா அவளுக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்காம ஏலத்துக்கே போவமாட்டான்.”

பொன்னம்பலத்தின் கையிலிருந்த துண்டு நழுவியது.

“தினமும் மீன் சாப்பிட்டாளா?”

“தெனமும்னா தெனமும். தின்னுட்டு இந்தப் படகு நெழல்ல கண்ணை மூடிப் படுத்துருவா. நெத்தியில ஏதோ வெள்ளையா ஒட்டிக்கிட்டு வருவா, நாந்தான் தொடைச்சு விடுவேன்.”

அவர் அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த கூடையின் மேல் உட்கார்ந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டார்.

“அவ செத்துட்டாம்மா. நாலு நாள் ஆச்சு.”

லூர்துமேரி முதலில் அவரையே பார்த்தாள். பிறகு மார்பில் அறைந்துகொண்டு, “அய்யோ எஞ் சீலா! எந் தங்கமே!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கதறினாள். சாமியார் முன்னால் அழலாமா, பூனைக்கு அழலாமா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. கருவாட்டில் காக்கை வந்து உட்கார்ந்தது. அதை ஓட்டவும் அவளுக்குத் தோன்றவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டாள்.

“எப்படி சாமி செத்தா? வண்டியில அடிபட்டாளா?”

“இல்லம்மா. நோய். இருதயம் வீங்கிப்போச்சுன்னு டாக்டர் சொன்னார்.”

லூர்துமேரியின் அழுகை சட்டென்று நின்றது.

“இருதயமா? எங்க வூட்டுக்காரருக்கும் அதான் சாமி. உப்பைக் கொறைக்கச் சொல்லிச் சொல்லி டாக்டரு தலையா அடிச்சுக்கிட்டாரு.” அவள் பாயைப் பார்த்தாள். “மழையில கடலுக்குப் போவாத நாளுல நான் அவளுக்குக் கருவாடுதானே கொடுத்தேன். அத்தனையும் உப்பு.”

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டதும் பொன்னம்பலத்தின் மனம் ஒரு குதி குதித்தது. தயிர் சாதம் இல்லை, கருவாடு! நான் இல்லை, இவள்! நான்கு நாளாக நெஞ்சில் கிடந்த பாறையைத் தூக்கி அடுத்தவள் வீட்டு வாசலில் போட்டுவிடலாம். நல்ல மனிதருக்கும் அப்படி ஒரு கணம் வரத்தான் செய்கிறது.

லூர்துமேரி அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

“சாமி, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. நாந்தான் அவளைக் கொன்னுட்டனா?”

கிணற்றடியில் பொன்னம்பலம் கேட்ட அதே கேள்வி.

“இல்லம்மா,” என்றார் அவர். “நீங்க இல்லை. நோய் வந்துச்சு. செத்துட்டா.”

“நெசமா சாமி?”

“நிஜமா.”

அவள் மறுபடியும் அழுதாள். இந்தத் தடவை சத்தம் இல்லாமல் அழுதாள். பொன்னம்பலம் எழுந்து காக்கையை ஓட்டினார். அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரை அங்கேயே நின்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மடத்துக்குத் திரும்பியபோது உமையாள் அம்மை விளக்குகளுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன் தாயே. அவ மீன் சாப்பிட்டிருக்கா. தினம் சாப்பிட்டிருக்கா. உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“வாய் நாறுமே ஐயா. மடியில வச்சிருந்த உங்களுக்குத் தெரியலையா?”

“கடல் காத்துன்னு நினைச்சேன்.”

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. திரியைத் திரித்தபடியே அடக்கிக்கொண்டார்.

“முதல் நாளே சொல்லியிருக்கலாமே தாயே. இத்தனை நாள் வெந்து செத்தேனே.”

“சொல்லியிருந்தா, மீன் கொடுத்தது யாருன்னு கேட்டிருப்பீங்க. கோவமாப் போய் அந்த வாசல்ல நின்னிருப்பீங்க.”

பொன்னம்பலம் தலையைக் குனிந்துகொண்டார். கருவாட்டு வாசலில் மனம் போட்ட அந்தக் குதியை அம்மை எப்படிப் பார்த்தார் என்று அவருக்குத் தெரியவில்லை.

“அந்தம்மாவும் அதையேதான் கேட்டாங்க. தான்தான் கொன்னுட்டமான்னு.”

“என்ன சொன்னீங்க?”

“இல்லைன்னு.”

“உறுதியாத் தெரியுமா?”

“தெரியாது தாயே. எனக்கு என்ன தெரியும்? ஆனா அவ்வளவு பிரியமா வச்சிருந்தவங்களைப் பார்த்து வேற எப்படிச் சொல்றது?”

அம்மை அடுத்த விளக்கை எடுத்தார். பொன்னம்பலம் தாம் சொன்னதைத் தாமே ஒரு தடவை மனத்துக்குள் கேட்டார். கேட்ட பிறகும் தெளியவில்லை. குழப்பம் வேறு பக்கமாகப் போயிற்று.

“ஆனா தாயே, தயிர் சாதம் கொல்லலை. கருவாடும் கொல்லலை. ரெண்டு வீட்டுலயும் குறையில்லாமத்தான் இருந்தா. பின்ன ஏன் செத்தா? நான் கொன்னேன்னு நினைச்சபோது அதுக்கு ஒரு காரணமாவது இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இப்ப அதுவும் இல்லை. நாச்சியும் இல்லை.”

கடைசிச் சொல்லில் அவர் குரல் உடைந்தது. அவரே அதை எதிர்பார்க்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே ரோட்டில் ஆறு மணி பஸ் ஹார்ன் அடித்தது. பை இருக்கும் பக்கம் திரும்பினார்.

“போயிட்டு வரேன் தாயே.”

உமையாள் அம்மை திரிகளை ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து, தம் பக்கத்தில் இடம் விட்டார்.

“பஸ் நாளைக்கும் வரும் ஐயா. உட்கார்ந்து அழுங்க.”